கடன் கேட்டவர்களும் கப்பல் பார்த்தவர்களும்

“அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த புதிதில் ஐரோப்பாவுக்குப் போன தூதர்களும் கான்சல்களும் அன்றாடம் என்னதான் வேலை செய்தார்கள்? சம்பளம் யார் கொடுத்தது? பெஞ்சமின் பிராங்க்ளின் பாரிஸ் போனார் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை” என்பது கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், தூதர்கள் கடன் கேட்டார்கள், கான்சல்கள் கப்பல் பார்த்தார்கள். உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவது, அரசவையில் போய்க் குனிவது, விருந்து சாப்பிடுவது எல்லாம் நடுநடுவே வந்துபோன வேலைகள். பாடப்புத்தகத்தில் அவை மட்டும் தங்கிவிட்டன.

முதலில் இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம். தூதர் தலைநகரில் இருப்பார், அரசரிடமோ மந்திரியிடமோ பேசுவார். கான்சல் துறைமுகத்தில் இருப்பார். கப்பல்காரர்கள், வியாபாரிகள், சுங்கம், சிறை, ஆஸ்பத்திரி, இதுதான் அவர் புழங்கும் இடம். இன்று செய்தித்தாளில் ‘துணைத் தூதரகம்’ என்று எழுதுகிறோமே, அது இந்தக் கான்சல் அலுவலகத்தின் வாரிசு. ‘துணை’ என்றதும் தூதருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆள் என்று தோன்றும். அந்தக் காலத்தில் அப்படியில்லை. இரண்டும் தனித்தனிப் பணிகள். அமெரிக்கா இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததே 1924-ல்தான்.

சரி, தூதர்களிலிருந்து ஆரம்பிக்கலாம். பிராங்க்ளினுக்கு முன்னால் சைலஸ் டீன் என்று ஒருவர் போனார். சுதந்திரப் பிரகடனம்கூட அப்போது வெளிவரவில்லை. அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய சபையான காங்கிரஸின் ரகசியக் கடிதக் குழு 1776 மார்ச்சில் அவரை அனுப்பியது. பூர்வகுடிகளோடு வியாபாரம் செய்யச் சரக்கு வாங்க வந்த வணிகர் என்று வேஷம். பிரெஞ்சு தெரியாது. பாரிஸில் அவருக்குக் கிடைத்த கூட்டாளி பூமார்ஷே என்ற நாடக ஆசிரியர். அவர் ‘ரோட்ரிக் ஹொர்தாலே அண்ட் கம்பெனி’ என்று ஒரு பொய்க் கம்பெனி திறந்தார். அதற்கு பிரான்ஸ் 10 லட்சம் லிவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்), ஸ்பெயின் 10 லட்சம் லிவர் கமுக்கமாகக் கொடுத்தன. அந்தக் கம்பெனி பெயரில் துப்பாக்கி, பீரங்கி, வெடிமருந்து, துணி எல்லாம் கப்பலேறின. 1777 அக்டோபரில் சரடோகாவில் பிரிட்டிஷ் படை சரணடைந்ததே, அங்கே அமெரிக்கர்கள் கையில் இருந்த ஆயுதத்தில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான்.

இவ்வளவு செய்த மனிதருக்கு என்ன கிடைத்தது? சொந்த லாபம் பார்த்தார் என்று புகார் கிளம்பியது. காங்கிரஸ் திரும்ப வரச் சொன்னது, வந்ததும் கணக்குக் கேட்டது. ரசீதுகள் பிரான்ஸில் கிடந்தன. கணக்கு முடியாமலே 1789-ல் செத்துப்போனார். 1842-ல்தான் காங்கிரஸ் அவருடைய வாரிசுகளுக்கு 37,000 டாலர் கொடுத்துக் கணக்கை மூடியது. டீன் சுத்தமான ஆள் என்று நான் சொல்ல மாட்டேன். அரசாங்கப் பணத்தையும் சொந்த வியாபாரத்தையும் கலந்துதான் வைத்திருந்தார். ஆனால் அன்றைக்கு அப்படிக் கலக்காத ஆளைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம்.

1776 டிசம்பரில் பிராங்க்ளின் வந்து இறங்கினார். வயது 70. கூடவே இரண்டு பேரன்கள், ஒருவனுக்கு ஏழு வயது, இன்னொருவன் பதின்வயதுப் பையன். அந்தப் பெரிய பேரன்தான் தூதரகத்தின் எழுத்தர். தனிக் கட்டடம், அலுவலர் கூட்டம் எதுவும் கிடையாது. பாரிஸுக்கு வெளியே பாஸி என்ற ஊரில், ஷோமோன் என்ற பணக்கார வணிகரின் வளாகத்தில் குடியிருந்தார். அந்த வணிகருக்கும் அமெரிக்கச் சரக்கில் வியாபாரம் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அங்கே அவருடைய ஒரு நாள் எப்படிப் போனது? காலையில் கதவைத் தட்டுவது அநேகமாக வேலை கேட்டு வரும் பிரெஞ்சு ராணுவ அதிகாரி. வாஷிங்டன் படையில் சேர சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்பார். இப்படி வந்தவர்களின் தொல்லை தாங்காமல், ‘முன்பின் தெரியாத ஆளுக்கு சிபாரிசுக் கடிதம்’ என்று ஒரு கிண்டல் மாதிரியே பிராங்க்ளின் எழுதி வைத்தார். இவரை எனக்குத் தெரியாது, இவரைப் பற்றி இவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற தினுசில் போகும். அப்புறம் பிரிட்டிஷ் சிறைகளில் கிடந்த அமெரிக்க மாலுமிகளுக்குப் பணம் அனுப்புவது, கைதிகளை மாற்றிக்கொள்ளப் பேரம் பேசுவது, பிரெஞ்சுத் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்ட எதிரிக் கப்பல் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வது. வீட்டிலேயே ஒரு அச்சகம் வைத்திருந்தார். பாஸ்போர்ட் படிவமும் கடன் பத்திரமும் அதில்தான் அச்சாகின.

கூடவே ஒற்றர்கள். தூதுக்குழுவோடு ஒட்டிக்கொண்டு எழுத்து வேலை பார்த்த எட்வர்ட் பான்கிராஃப்ட் பிரிட்டனின் சம்பளம் வாங்குகிறவர். கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதி, பாட்டிலில் போட்டு, துய்லரி தோட்டத்தில் ஒரு மரப்பொந்தில் செவ்வாய்க்கிழமை இரவுகளில் வைத்துவிடுவார். அவர் செத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1889-ல்தான் விஷயம் வெளியே தெரிந்தது. டீன், பிராங்க்ளினோடு தூதுக்குழுவின் மூன்றாவது உறுப்பினராக இருந்த ஆர்தர் லீ மட்டும் பான்கிராஃப்டைச் சந்தேகப்பட்டார். லீயின் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவர் எல்லோரையும் சந்தேகப்படுகிறவர். இதில் வேடிக்கை, லீ தனக்கென்று வைத்துக்கொண்ட எழுத்தரும் பிரிட்டிஷ் ஒற்றர்தான்.

1778 பிப்ரவரி 6-ல் பிரான்ஸோடு உடன்படிக்கை கையெழுத்தானது. அத்தோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தால் தப்பு, உண்டியல் தொல்லை அதற்கப்புறம்தான் முற்றியது.

உண்டியல் என்றால் கோயில் உண்டியல் இல்லை, நம் பழைய வணிகர்கள் கைமாற்றிய உண்டியல். ‘இந்தச் சீட்டைக் கொண்டு வருபவருக்கு இத்தனை நாளில் இவ்வளவு கொடுக்கவும்’ என்று எழுதின தாள். காங்கிரஸிடம் தங்கம் இல்லை, வரி போடும் அதிகாரமும் இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் தன் தூதர் பெயருக்கு உண்டியல் எழுதி அதை அமெரிக்க வியாபாரிகளிடம் விற்றுக் காசாக்கியது. அந்தச் சீட்டு கை மாறி, கடல் தாண்டி, ஒரு நாள் தூதரின் மேஜைக்கு வரும். அவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும், தவணை நாளில் பணம் வைக்க வேண்டும். மறுத்தால் அந்தச் செய்தி ஒரே வாரத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போய்விடும், நாட்டின் மானம் போய்விடும். தூதரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு காங்கிரஸ் எழுதியதா? இல்லை. அங்கே போயிருக்கிறாரே, எப்படியும் புரட்டுவார் என்ற நம்பிக்கையில் எழுதியது.

மாட்ரிட்டில் ஜான் ஜே மாட்டிக்கொண்டது இப்படித்தான். அவர் பெயருக்கு ஒரு லட்சம் பவுண்ட் அளவுக்கு உண்டியல் எழுதப்பட்டது. ஸ்பெயின் அவரைத் தூதராகவே ஏற்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தும் அதிகாரபூர்வ வரவேற்பு கிடையாது, கடனாகக் கிடைத்தது சொற்பம். கடைசியில் 1782 மார்ச்சில் சில உண்டியல்கள் பணமின்றித் திரும்பின. பிராங்க்ளின் பிரான்ஸில் கேட்டு வாங்கி அனுப்பியதால் பிழைத்தார். பிராங்க்ளினின் நிலைமையும் பெருமைப்படும்படி இல்லை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு வெர்சாயில் வெளியுறவு மந்திரி வெர்ஜென் முன்னால் மறுபடி போய் நிற்பார். 1782 ஜூலையில் கணக்குப் பார்த்தபோது பிரான்ஸுக்குத் திருப்ப வேண்டிய கடன் மட்டும் 1 கோடியே 80 லட்சம் லிவர். இனாமாகக் கொடுத்தது தனி.

ஹென்றி லாரன்ஸ் கதை இன்னும் மோசம். ஹாலந்தில் கடன் திரட்டப் புறப்பட்டவரை 1780 செப்டம்பரில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே பிரிட்டிஷ் கப்பல் மடக்கியது. காகிதப் பையைக் கடலில் எறிந்தார். கனம் போதவில்லை, பை மிதந்தது. கொக்கி போட்டு எடுத்துவிட்டார்கள். உள்ளே ஹாலந்தோடு செய்வதாக இருந்த உடன்படிக்கையின் வரைவு. அதைக் காரணம் காட்டி அந்த டிசம்பரிலேயே பிரிட்டன் ஹாலந்து மீது போர் அறிவித்தது. லாரன்ஸ் லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். காவலர்களின் கூலியை அவரிடமே கேட்டார்கள். இதற்கிடையில் காங்கிரஸ் அவர் பெயருக்கு எழுதிய உண்டியல்கள் பாட்டுக்கு ஆம்ஸ்டர்டாமில் வந்து குவிந்தன. பிறகு அமெரிக்காவில் யார்க்டவுனில் பிடிபட்ட பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸுக்கு ஈடாக அவர் விடுதலை முடிவானது. அந்த கார்ன்வாலிஸ் லண்டன் டவரின் தலைமைக் காவல் பதவியையும் வைத்திருந்தவர், அதாவது பெயரளவில் லாரன்ஸின் சிறை அதிகாரி. நமக்கு இவரைத் தெரியும். 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து திப்புவோடு சண்டை போட்ட அதே கார்ன்வாலிஸ்தான்.

லாரன்ஸ் செய்ய வேண்டியதை ஜான் ஆடம்ஸ் செய்தார். முன்கோபி, பிரெஞ்சு மந்திரிக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது. ஹாலந்தில் அந்தப் பிடிவாதமே உதவியது. நகரம் நகரமாகப் போய், பத்திரிகைகளில் எழுத வைத்து, மனுமேல் மனு கொடுத்து, 1782 ஏப்ரல் 19-ல் அங்கீகாரம் வாங்கினார். ஜூனில் ஆம்ஸ்டர்டாமின் மூன்று வட்டிக்கடைகள் — வங்கி என்று மரியாதையாகவே சொல்லலாம் — 5 சத வட்டியில் 50 லட்சம் கில்டர் (ஹாலந்துப் பணம்) கடன் திரட்டித் தர ஒப்புக்கொண்டன. ஹேக் நகரில் ஒரு வீட்டையும் வாங்கிப் போட்டார். அமெரிக்கா வெளிநாட்டில் தூதரகத்துக்கென்று சொந்தமாக வாங்கிய முதல் கட்டடம் அது. என்னைக் கேட்டால், பிராங்க்ளினுக்குக் கிடைத்த புகழில் கால்வாசியாவது இந்த ஹாலந்து வேலைக்காக ஆடம்ஸுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

1783-ல் சமாதானம் ஆனபின் வந்த தூதர்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஆடம்ஸ் லண்டனில் மூன்று வருஷம் இருந்து, அமெரிக்க மண்ணில் பிரிட்டன் காலி செய்யாத கோட்டைகளைப் பற்றிக் கேட்டுக்கேட்டு வெறுங்கையோடு திரும்பினார். ஜெஃபர்சன் பாரிஸில் புகையிலைக்கும் திமிங்கில எண்ணெய்க்கும் வரி குறைக்கச் சொல்லிப் பேசினார். 1787-ல் வட இத்தாலி போனபோது, வெளியே கொண்டுபோகத் தடை இருந்த நெல்லைக் கோட்டுப் பையில் போட்டுக் கடத்தி வந்தார், கரோலினா விவசாயிகளுக்காக.

கான்சல்களிடம்தான் எனக்கு ஈடுபாடு அதிகம், இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆரம்பமே அபசகுனம். 1780-ல் பிரான்ஸுக்கு முதல் கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் பால்ஃப்ரி ஏறிய கப்பல் புறப்பட்டது, அதற்கப்புறம் தகவலே இல்லை. அடுத்து வந்த தாமஸ் பார்க்ளே நல்ல உழைப்பாளி, மொராக்கோவோடு 1786 உடன்படிக்கையைப் பேசி முடித்தவர். ஆனால் 1787-ல் போர்தோவில் சொந்த வியாபாரக் கடனுக்காகப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். கான்சல் என்பதைச் சொல்லித்தான் வெளியே வந்தார்.

கான்சலுக்கு எதற்கு வியாபாரம் என்று கேட்டால், சம்பளம் கிடையாதே! 1790-ல் புதிய அரசியல் சாசனத்தின் கீழ் வாஷிங்டன் நியமித்த கான்சல்கள் அநேகமாக எல்லோரும் அந்தந்தத் துறைமுகத்தில் ஏற்கனவே கடை விரித்திருந்த வணிகர்கள். லிவர்பூலில் ஜேம்ஸ் மோரி, லண்டனில் ஜோஷுவா ஜான்சன், போர்தோவில் ஜோசப் ஃபென்விக், ஹாம்பர்க்கில் துணைக் கான்சலாக ஜான் பாரிஷ். பாரிஷ் அமெரிக்கரே இல்லை. ஆள் கிடைக்காத ஊரில் யார் நம்பிக்கையோ அவருக்குக் கொடுத்தார்கள்.

அந்த ஆகஸ்டில் வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சன் இவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். உங்கள் துறைமுகத்துக்கு வரும் அமெரிக்கக் கப்பல்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள், போர் ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால் நம் கப்பல்களை எச்சரியுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள். சம்பளம் பற்றிப் பேச்சில்லை. சீருடை உண்டு! கருநீலக் கோட்டு, சிவப்பு உள்துணி, சிவப்பு வெயிஸ்ட்கோட், நீலக் கால்சட்டை, நங்கூரம் பொறித்த மஞ்சள் பொத்தான், இடுப்பில் சின்ன வாள். வேண்டுமானால் அணிந்துகொள்ளலாம், தைக்கும் செலவு அவரவர் பாடு.

வருமானம் என்ன என்பதை 1792 ஏப்ரல் 14 சட்டம் சொன்னது. முத்திரை போட்டு ஒரு பத்திரத்தைச் சான்றளித்தால் 2 டாலர். வெளிநாட்டில் இறந்துபோன அமெரிக்கரின் உடைமையைப் பட்டியல் எடுத்து, விற்று, கணக்கு முடித்தால் 5 சதம். இவ்வளவுதான். ஆப்பிரிக்க வடகரை நாடுகளில் இருந்த கான்சல்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 2,000 டாலர் வரை சம்பளம் கொடுக்கலாம் என்றது, அங்கே வியாபாரமும் இல்லை, ஆபத்தும் அதிகம்.

இதைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு கப்பல் புயலில் அடிபட்டுச் சரக்கு நனைந்து வந்து சேர்கிறது என்று வையுங்கள். கேப்டன் இறங்கியதும் முதலில் போவது கான்சலிடம். புயல் அடித்தது, என் தவறு இல்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பார். இதற்கு ‘புரொட்டஸ்ட்’ என்று பெயர், கப்பல் தொழிலில் இன்றும் அதே பெயர்தான். இந்தத் தாள் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். கான்சலுக்கு 2 டாலர்.

அதே கப்பலில் ஒரு மாலுமி காய்ச்சலில் கிடக்கிறான். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கையில் காசில்லை, மொழி தெரியாது. அவனுக்குச் சோறும் இடமும் கொடுக்கக் கான்சலுக்கு அரசு அனுமதித்த தொகை நாளைக்கு அதிகபட்சம் 12 சென்ட். மீதி? கான்சலின் சொந்தப் பை. தேறியதும் ஊருக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவுக்குத் திரும்பும் கப்பல் 100 டன்னுக்கு இரண்டு பேர் வீதம் இப்படிப்பட்டவர்களை ஏற்றியாக வேண்டும் என்பது சட்டம். 250 டன் கப்பலென்றால் ஐந்து பேர். உடம்பு முடிந்தால் அவன் வழியில் வேலை செய்ய வேண்டும். மறுக்கும் கேப்டனுக்கு ஆளுக்கு 30 டாலர் அபராதம். எந்தக் கேப்டன் சந்தோஷமாக ஏற்றுவார்? வேண்டாத ஆளைக் கரையில் கழற்றிவிடுவதே கேப்டன்களின் வழக்கமாக இருந்ததால், 1803-ல் இன்னொரு சட்டம் வந்தது. வெளிநாட்டில் ஒருவனை வேலையிலிருந்து நீக்கினால் மூன்று மாதக் கூலியைக் கான்சலிடம் கட்ட வேண்டும். இரண்டு மாதம் அவனுக்கு, ஒரு மாதம் ஆதரவற்ற மாலுமிகளின் நிதிக்கு. வந்ததும் கப்பல் காகிதங்களைக் கான்சலிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். காகிதம் அவர் பெட்டியில் இருக்கும்வரை கேப்டன் ஓட முடியாது.

இதற்கெல்லாம் மேல் ஒரு தலைவலி. 1793-ல் பிரிட்டனும் பிரான்ஸும் மோதிக்கொண்டபின், பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களில் ஏறி, தன் போர்க்கப்பல்களில் வேலை வாங்க மாலுமிகளைப் பிடித்துப் போனது. ஒரே மொழி, ஒரே முகம். இவன் அமெரிக்கனா, ஓடிப்போன ஆங்கிலேயனா என்று எப்படிச் சொல்வது? 1796 சட்டப்படி அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் 25 சென்ட்டுக்கு மாலுமிகளுக்கு அடையாளச் சான்று கொடுத்தார்கள். உயரம், தழும்பு, பச்சை குத்திய இடம் எல்லாம் அதில் இருக்கும். தொலைப்பதும் விற்பதும் சகஜமாக நடந்ததால் பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை மதிக்கவில்லை. பிடிபட்டவன் கப்பலிலிருந்து எப்படியோ கடிதம் எழுதுவான், லிவர்பூல் மோரியும் லண்டன் அலுவலகமும் அவனுக்காகக் கடற்படைக்கு எழுதுவார்கள். பதில் வருவதற்குள் அவனுடைய கப்பல் வேறு கடலில் இருக்கும்.

சம்பளமில்லாமல் ஏன் இந்தப் பதவிக்குப் போட்டி போட்டார்கள்? வணிகருக்கு அது விளம்பரம். ஊருக்கு வரும் ஒவ்வொரு அமெரிக்கக் கேப்டனும் முதலில் அவர் வாசலுக்குத்தான் வருவார், சரக்கும் கமிஷனும் பின்னாலேயே வரும். ஃபென்விக்கிடம் ஜெஃபர்சனே ஒயின் வாங்கினார். 1790-ல் வாஷிங்டனுக்கு ஷாத்தோ திக்கேம் 30 டஜன், தனக்கு 10 டஜன், பெட்டிகளில் இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் குறிக்கச் சொல்லி. போர்தோவில் ஃபென்விக் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது, முகப்பில் கல்லில் செதுக்கிய கப்பல் முனைகளோடு. லிஸ்பனில் கான்சலாக இருந்த வில்லியம் ஜார்விஸ் பிடித்தது வேறு சரக்கு. ஸ்பெயின் வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த மெரினோ ஆடுகள் நெப்போலியன் படையெடுப்புக் குழப்பத்தில் விலைக்கு வந்தன. 1810 வாக்கில் ஆயிரக்கணக்கில் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பினார். வெர்மான்ட் மாநிலம் பிறகு கம்பளிக்குப் பேர்போனது அந்த ஆடுகளால்தான்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. லண்டன் ஜான்சனின் வியாபாரம் 1797-ல் நொடித்தது. அதே ஜூலையில்தான் அவர் மகள் லூயிசா, ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சியைக் கல்யாணம் செய்திருந்தாள். மாமனார் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட, கடன்காரர்கள் புது மாப்பிள்ளையின் வாசலில் வந்து நின்றார்கள்.

தூதர்களின் சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 1790 சட்டப்படி அதிகபட்சம் ஆண்டுக்கு 9,000 டாலர், புறப்படும்போது வீடு, வண்டி, உடுப்புக்காக இன்னொரு வருஷச் சம்பளம் வரை. லண்டனிலும் பாரிஸிலும் மற்ற நாட்டுத் தூதர்கள் செலவழித்ததோடு ஒப்பிட்டால் இது கைக்கும் வாய்க்கும்தான். கடிதம் போக இரண்டு மாதம், பதில் வர இரண்டு மாதம் என்பதால் பல முடிவுகளைச் சொந்தப் பொறுப்பில் எடுத்தார்கள். 1803-ல் லிவிங்ஸ்டனும் மன்றோவும் நியூ ஆர்லியன்ஸையும் அதை ஒட்டிய நிலத்தையும் கேட்கப் போன இடத்தில், நெப்போலியன் ஆட்கள் வட அமெரிக்காவில் பிரான்ஸுக்கு இருந்த லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பு முழுவதையும் நீட்டினார்கள். ஊருக்கு எழுதிக் கேட்டால் அதற்குள் மனசு மாறிவிடும். 1.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் தகவல் சொன்னார்கள்.

கான்சல்களுக்குப் பெரும்பாலான துறைமுகங்களில் சம்பளம் வந்தது 1856 சட்டத்தால். ஜெஃபர்சனின் பள்ளித் தோழரான லிவர்பூல் மோரி 1790-லிருந்து 39 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். துறைமுகம் புகையிலையிலிருந்து பருத்திக்கு மாறியதை முழுக்கப் பார்த்தவர். 1829-ல், 83 வயதில், புதிய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் அவரை எடுத்துவிட்டார். சம்பளச் சட்டம் வந்தபோது மோரி இறந்து 16 வருஷம் ஆகியிருந்தது.